நின்றால் வரும் மயக்கம்

அரபு மொழியில் மயக்கத்தைக் குறிக்கப் பல சொற்கள் உள்ளன. திரை விழுந்தாற்போல் அறிவு சிறிது நேரம் மறைவது கஷ்ய். அதனினும் கடுமையானது இக்மா. ஆளைக் கீழே தள்ளும் வலிப்புக்கு ஸர்உ என்று பெயர். நம் தமிழிலோ மதுவால் வருவதும் மயக்கம். மோகத்தால் வருவதும் மயக்கம். வெயிலில் சாய்ந்து விழுவதும் மயக்கம். மெய்யோடு மெய் சேர்வதைக்கூட இலக்கண நூலார் மெய்ம்மயக்கம் என்றே வழங்கினர். சொல் ஒன்றாயிருப்பதால் நோயும் ஒன்றே என்று மக்கள் கொண்டுவிடுகின்றனர். அந்த எண்ணம் என் தங்கை மகளின் வாழ்வோடு ஓராண்டுக் காலம் விளையாடிற்று.

ஆரணியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலேதான் தங்கையின் இல்லம். 2022ஆம் ஆண்டுக் கோடையில் அப்பெண்ணுக்கு வயது 19. கல்லூரி வளாகத்தில் வரிசையில் நின்றிருந்தவள், கண் இருண்டு, காது அடைத்து, உடல் வியர்த்து விழுந்தாள். அடுத்த மாதம் அடுப்படியில். பிறகு ரேஷன் கடை வாசலில். ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடத்துக்குள் கண் விழித்து, சுற்றி நிற்பவர்களை அடையாளம் கண்டு, வெட்கத்தோடு எழுந்து அமர்ந்தாள். அதற்குள் யாரோ ஒருவர் அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்திருப்பார். வேறொருவர் வாயில் சோடாவை ஊற்றியிருப்பார். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

ஜின் தீண்டியிருக்கிறது என்றனர் சிலர். தாயத்து வந்தது. ஓதிப் பார்ப்பதை மறுப்பவனல்லன் நான். கேட்போர்க்கு நானே ஓதிக் கொடுப்பவன். ஆனால் ஓதுவதோடு நின்றுவிட எந்த நூலும் சொல்லவில்லை. இதற்கிடையே பெண் கேட்டு வந்த ஓர் இடத்தில் "வலிப்புக்காரப் பெண்ணாமே" என்ற பேச்சு பரவி, அவர்கள் வருவதை நிறுத்திக்கொண்டனர். "அண்ணே, படிப்பை நிறுத்தி வீட்டிலேயே வைத்துக்கொள்ளட்டுமா?" என்று தங்கை கண்ணீரோடு கேட்டாள்.

அப்போது நான் அவளுக்கு எடுத்துச் சொன்னது ஸஹீஹுல் புகாரியில் வரும் ஒரு செய்தியை. சூரிய கிரகணத்தின்போது நாயகம் (ஸல்) அவர்கள் மிக நீண்ட நேரம் நின்று தொழவைத்தார்கள். அந்தத் தொழுகையில் நின்ற அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அவர்களுக்கு மயக்கம் மேலிட்டது. தம் அருகிலிருந்த தோல் பையிலிருந்து நீரை எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார்கள். அச்செய்தியில் அவர்களே வழங்கும் சொல் கஷ்ய் என்பதே. ஜின் என்றோ, குறை என்றோ அங்கே எவரும் சொல்லவில்லை. சட்ட அறிஞர்களும் அதிலிருந்து எடுத்தது, இலேசான மயக்கம் உளூவை முறிக்காது என்னும் முடிவைத்தான். மருத்துவ மேதை இப்னு ஸீனாவும் (மறைவு 1037) தமது கானூன் நூலில் வலிப்பைத் தலையின் நோய்களோடும், கஷ்யை இதயத்தின் நோய்களோடும் வைத்துப் பேசுகிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் பிரித்து வைத்ததை நம் தெரு ஒரே நொடியில் கலந்துவிட்டது!

2023 ஜனவரியில் வேலூருக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் முதலில் விழுந்த விதத்தைத்தான் நெடுநேரம் கேட்டார். பிறகு படுக்கவைத்து இரத்த அழுத்தம் பார்த்தார், நிற்கவைத்துப் பத்து நிமிடம் வரை மீண்டும் மீண்டும் பார்த்தார், இ.சி.ஜி.யும் எடுத்தார். வலிப்பன்று என்று தெளிவாகச் சொன்னார். நாம் எழுந்து நிற்கையில் ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குருதி வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. நரம்புகள் உடனே குழாய்களைச் சுருக்கி அதை மேலேற்ற வேண்டும். சிலருக்கு அந்த ஏற்பாடு தடுமாறி, குழாய்கள் விரிந்து, இதயத் துடிப்பும் தளர்கிறது. மூளைக்குப் போகும் குருதி குறைந்ததும் ஆள் விழுகிறார். விழுந்து படுத்ததும் குருதி தானே தலைக்குத் திரும்புகிறது. ஆகவே விழுந்தவரைத் தூக்கி நிறுத்துவது தவறு. படுக்கவிட்டுக் கால்களை உயர்த்துவதே சரி. ஓடும்போதோ, படுத்திருக்கும்போதோ, நெஞ்சுவலியோடோ மயங்கினால், அல்லது குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நேர்ந்திருந்தால், அது வேறு கதை. இதயத்தை உடனே ஆராய வேண்டும் என்றும் எச்சரித்தார்.

மருந்து எழுதவில்லை. நீரும் உப்பும் எழுதினார்! நாளொன்றுக்கு இரண்டரை லிட்டருக்குக் குறையாமல் நீர். உணவில் வழக்கத்தைவிடக் கூடுதல் உப்பு. வயிறு முட்ட ஒரு வேளை உண்பதைவிடச் சிறிது சிறிதாகப் பல வேளை. வரிசையில் நிற்க நேர்ந்தால் முன்னதாக இரண்டு தம்ளர் தண்ணீர். கண் இருளத் தொடங்கினால் கால்களைப் பின்னித் தொடைகளை இறுக்குதல், முடியாவிட்டால் வெட்கப்படாமல் உட்கார்ந்துவிடுதல்.

உப்பும் சர்க்கரையும் கலந்த நீருக்கு ஒரு வரலாறு உண்டு. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகள் நிறைந்த வங்காளத்து பன்காவ்ன் முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா எனக் கலந்து வாய்வழியாகவே புகட்டச் செய்தார். 30 விழுக்காட்டை எட்டியிருந்த சாவு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிற்று. குளுக்கோஸ் உடன் சென்றால்தான் குடல் உப்பை விரைந்து ஈர்க்கும். உப்பைத் தொடர்ந்து நீர் செல்லும். 2022இல் மறைந்த அவருக்கு 2023இல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. எங்கள் பெண்ணுக்கு வெயில் நாள்களில் அந்த வகைப் பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் நீரில் கரைத்துக் குடிக்கச் சொன்னார்கள். கடையில் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் பொறித்து விற்ற இனிப்புப் பானங்கள் வேறு. தகுதியில்லாத பானங்களுக்கு அப்பெயரைச் சூட்டலாகாது என 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

மற்ற நாள்களில் என் தங்கை கடையை நாடவில்லை. காலையில் உப்பிட்ட நீராகாரம், பகலில் மோர், எலுமிச்சை ஊறுகாய், மாலையில் கஞ்சி. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, உப்பு குறைவு. ஆகையால் அதை மட்டும் நம்பவில்லை.

இச்செய்தி தெருவில் பரவியதும் ஒரு சங்கடம் வந்தது. எதிர்வீட்டில் பட்டு நெய்யும் பெரியவர் ஒருவர் குழித்தறியிலிருந்து எழும்போதெல்லாம் தலை சுற்றுகிறது என்பார். "நானும் உப்பு நீர் குடிக்கட்டுமா, ஹஜரத்?" என்று கேட்டார். அவரோ இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை உண்பவர். அவருக்கு உப்பு நஞ்சாகும் என்று கையைப் பிடித்துத் தடுத்தேன். உலக சுகாதார நிறுவனம் பொதுமக்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே அனுமதிக்கிறது. கொதிப்பும் சிறுநீரக நோயும் உள்ளவர் மருத்துவரைக் கேளாமல் அதைக் கூட்டலாகாது. அவருடைய மருத்துவர் மாத்திரையின் அளவை மாற்றினார், தலைசுற்றல் குறைந்தது.

பின்னர் ரமலான் வந்தது. 2023 மார்ச் இறுதியில் தொடங்கிய அந்த நோன்பு ஆரணி வெயிலில் கழிந்தது. மருத்துவர் கூடாது என்றார். பெண்ணோ பிடித்தே தீருவேன் என்று அழுதாள். "மாமா, நோன்பும் இல்லையென்றால் நான் நோயாளிதான் என்று ஊர் முடிவுகட்டிவிடும்" என்றாள். நோயாளி வேறு நாள்களில் நோற்கலாம் என்பது இறைவன் அளித்த சலுகை. அதை மறுத்து உடலை வீழ்த்துவது வணக்கமாகாது என்று பன்னிப் பன்னிச் சொன்னேன். குணமாகும் நம்பிக்கை இருப்பதால் ஃபித்யா போதாது, கழா செய்ய வேண்டும் என்பதையும் சொன்னேன். அந்தச் சொல்லே அவளுக்கு ஆறுதலாயிற்று: குணமாகும் நம்பிக்கை உண்டு என்று மார்க்கமே கணக்கு வைத்திருக்கிறதல்லவா?

மார்கழி, தை மாதங்களில் பகல் குறுகி, குளிர் மிகுந்தபோது மருத்துவர் இசைவு தந்தார். ஒன்றுவிட்டு ஒரு நாளாக நோற்றாள். ஸஹரில் கஞ்சியும் தண்ணீரும். நோன்பு திறந்ததும் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியைப் போல் அரிசியும் பருப்பும் வெந்தயமும் இட்டுக் காய்ச்சிய உப்புக் கஞ்சி. இரவெல்லாம் சிறுகச் சிறுக நீர். 2024 ரமலானில் பதினெட்டு நோன்புகள் பிடித்தாள். தராவீஹை உட்கார்ந்து தொழுதாள். 2025இல் இருபத்தாறு. கல்லூரிப் படிப்பையும் முடித்துவிட்டாள். விடுபட்ட நாள்களை அடுப்படிக் காலண்டரின் பின்புறத்தில் குறித்து வைத்து, தை பிறந்தால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வருகிறாள்.