தலைக்கு மேல ஒரு ஆறு

திருநெல்வேலிக்காரங்ககிட்ட உங்க ஊர் ஆறு எதுன்னு கேட்டா யோசிக்காம தாமிரபரணின்னு சொல்லுவாங்க. இன்னொன்னும் இருக்கு மக்களே. தரையில இல்ல, தலைக்கு மேல, சுமார் 105 கிலோமீட்டர் உயரத்துல. தண்ணிக்குப் பதிலா கரண்ட்! பல்லாயிரம் ஆம்பியர். காலையில ஊற ஆரம்பிச்சு, பகல் 11 மணி வாக்குல உச்சத்துக்கு வந்து, மேற்கிலிருந்து கிழக்கா ஓடும். பொழுது சாஞ்சா கிட்டத்தட்ட வத்திடும்.

இதுக்குப் பேரு ஈக்குவடோரியல் எலெக்ட்ரோஜெட். தமிழ்ல 'மின்தாரை'ன்னு வெச்சுக்குவோம் (நான் வெச்ச பேருதான், அடிக்க வராதீங்க).

விஷயம் என்னன்னா, சூரியனோட புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் அந்த உயரத்துல இருக்கிற காத்துல எலெக்ட்ரானைப் பிச்சு எடுத்துடும். அதனால காத்தே மின்சாரம் கடத்தும். வெயில்ல சூடாகி அலையடிக்கிற அந்தக் காத்து பூமியோட காந்தப்புலத்தைக் குறுக்க வெட்டிக்கிட்டு வீசும்போது கரண்ட் பிறக்குது. சைக்கிள் டைனமோ கதைதான். இது உலகம் பூரா நடக்கிறது. நம்ம பக்கம் மட்டும் என்ன விசேஷம்? காந்த நடுக்கோடு தென்கோடியில நம்மளை ஒட்டிப் போகுது. அங்க காந்தப்புலம் தரைக்கு இணையா படுத்துக் கிடக்கும். அதனால மேல கீழ போகப் பார்க்கிற மின்சாரம் வழியில்லாம தேங்குது. அந்தத் தேக்கமே கிழக்கு நோக்கிப் போற ஓட்டத்தைப் பல மடங்கு ஆக்கிடுது. பெரு நாட்டுல ஹுவாங்காயோங்கிற மலையூர்லயும் இதே கதை. 1963 நவம்பர் 21-ல இந்தியா முதல் ராக்கெட்டை விட தும்பாவைத் தேர்ந்தெடுத்ததுக்கும் இந்தக் கோடுதான் காரணம்.

இதை அளக்கிற விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. திருச்செந்தூர் ரோட்டுல கிருஷ்ணாபுரம் இருக்குல்ல, சிற்பம் பார்க்க எல்லாரும் போற ஊரு? அங்க இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தோட ஆய்வுக்கூடம் ஒண்ணு இருக்கு. அங்க காந்தமானி பகல்ல எவ்வளவு ஏறுதுன்னு பார்ப்பாங்க. அதுலேருந்து பம்பாய்க்குத் தெற்கே இருக்கிற அலிபாக் கணக்கைக் கழிப்பாங்க. அலிபாக் காந்த நடுக்கோட்டுலேருந்து தள்ளி இருக்கிறதால அங்க மின்தாரை கிடையாது. ஆக, மிச்சம் நம்ம ஆத்து வெள்ளம். அலிபாக் எப்படி வந்ததுன்னா, அதுக்கு முன்னாடி கொலாபாவுல அளந்துக்கிட்டு இருந்தாங்க. பம்பாய் டிராமுக்குக் கரண்ட் வரப்போகுது, காந்த ஊசி குழம்பிடும்னு 1904 வாக்குல ஊரை விட்டே வெளிய எடுத்துட்டுப் போனாங்க.

இப்ப நம்ம கதை. 2010 ஜனவரி 15, கங்கண சூரிய கிரகணம். மாட்டுப் பொங்கல், தை அமாவாசை, கிரகணம் மூணும் ஒரே நாள்! பாளையங்கோட்டை வீட்டுல அடுப்பு அணைஞ்சாச்சு, தயிருக்குள்ள தர்ப்பை போட்டாச்சு. நான் 14-ம் நம்பர் வெல்டிங் கண்ணாடியோட மொட்டை மாடியில. கீழேருந்து ஆச்சி, "ஏல, உள்ள வா. அமாவாசையும் கிரகணமும் சேந்து வருது. மேல என்னமோ மாறும்ல"ன்னு சத்தம். "ஒண்ணும் மாறாது ஆச்சி, நிழல்தான்"னேன். மதியம் ஒண்ணே கால் வாக்குல வளையம் வந்துச்சு. வெயில் மங்கி, நெருப்பு வளையல் மாதிரி நின்னுது. அதை வர்ணிக்க எனக்குத் தெம்பில்ல.

அன்னிக்கு தும்பாவுலேருந்து ரோகிணி ராக்கெட்டெல்லாம் விட்டாங்க. பின்னாடி வந்த ஆய்வுக் கட்டுரைகளைப் படிச்சப்பதான் தெரிஞ்சுது, நான் மாடியில நின்ன அன்னிக்கு மேல ஓடிக்கிட்டிருந்த ஆறு திசை மாறி மேற்கா ஓடியிருக்கு! எதிர் மின்தாரை. அதுவும் பலமா, ரொம்ப நேரம். நிழல் விழுந்து அயனிகள் குறைஞ்சது மட்டும் அதுக்குக் காரணமாப் படல. கடல்ல மாதிரி காத்து மண்டலத்துலயும் நிலாவால ஏத்தவத்தம் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது மின்தாரையைத் திருப்பிவிடுறதை கிரகணம் இல்லாத நாள்லயும் பார்த்திருக்காங்க.

உடனே "நம்ம முன்னோர் அன்னிக்கே சொன்னாங்க"ன்னு ஃபார்வர்டு அனுப்புற கோஷ்டி வந்துடாதீங்க. தயிருக்கும் மின்தாரைக்கும் ஸ்நானப் பிராப்தி கூட கிடையாது. அத்தனை ஆம்பியர் ஓடியும் தரையில காந்தப்புலம் மாறுறது நாப்பதாயிரத்துல நூறு அளவுக்குத்தான். ஆனா "மேல என்னமோ மாறும்"ங்கிற அந்த ஒரு வரி மட்டும் சரி. ஆச்சிகிட்ட இதைச் சொன்னேன். 

கம்முனு கேட்டுட்டு, "அந்தக் கரண்டைப் புடிச்சு நம்ம தெருவுக்கு விட முடியாதாடே?"ன்னு கேட்டா. அப்ப தினமும் பவர் கட் நேரம். முடியாது ஆச்சி, மீட்டருக்கு ஒரு மில்லிவோல்ட் கூடத் தேறாது, டார்ச் லைட் பல்பு கூட எரியாதுன்னு விளக்கினேன். "பொறவு எதுக்கு அளக்காவ?"

நல்ல கேள்வி. அந்த ஆத்தை ஓட்டுற அதே மின்புலம்தான் இன்னும் உயரத்துல அயனிகளை மேல தூக்கி, ஊத்து மாதிரி வடக்கயும் தெற்கயும் கொட்டுது. சாயங்காலம் அதுல குமிழி கிளம்பினா ஜிபிஎஸ் சிக்னல் தடுமாறும். விமானம் இறங்குறதுக்கு இதெல்லாம் கணக்குல வேணும். ஆச்சி விமானம் ஏறினதில்ல, இருந்தாலும் தலையாட்டினா. 

2019 டிசம்பர் 26 கிரகணத்துக்கு அவ இல்ல. அடுத்த கங்கணம் 2031 மே 21, மதுரை, தேனி பக்கம். வெல்டிங் கண்ணாடி பத்திரமா இருக்கு. வர்றவங்க சொல்லுங்க.