அமானிதக் கணக்கும் சிவந்த திரையும்

சென்ற ரமளானில் அஸர் தொழுகைக்குப் பின், மத்ரஸாக் கணினியில் ஜகாத் கணக்கை எழுதிக்கொண்டிருந்தோம். திடீரெனத் திரை முழுவதும் சிவந்து அபாய ஒலி அலறியது. வைரஸ் புகுந்துவிட்டதாம், அணைக்காமல் உடனே அழைக்க வேண்டுமாம். அழைத்தோம். (செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் ஹுஜுராத் அத்தியாயத்தைப் பாடம் நடத்துபவர்கள் நாம்!) ஸலாம் கூறிப் பணிவாகப் பேசியவர், தொலைவிலிருந்தே கணினியை இயக்கும் செயலியை நிறுவச் செய்தார். அடுத்து வங்கிப் பக்கத்தைத் திறக்கச் சொன்னபோதுதான் நெஞ்சு திடுக்கிட்டது. அது ஏழைகளின் அமானிதம். இணையக் கம்பியைப் பிடுங்கினோம்.

“மைக்ரோசாப்ட் எச்சரிக்கையில் தொலைபேசி எண்ணே இராது, ஹஜ்ரத். எஸ்கேப் விசையை அழுத்திப் பிடித்து உலாவியை மூடியிருந்தால் போதுமே” என்றான் ஹிஃப்ழு மாணவன். பணம் போயிருந்தால் 1930ஐ அழைத்திருப்போம். செயலியை நீக்கினோம், கடவுச்சொல்லை வேறு கருவியில் மாற்றினோம். தராவீஹுக்கு முன் நிர்வாகிகளிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னோம்.