சுருண்ட விரல்கள்

லியோன் ஃப்ளெய்ஷரின் 'டூ ஹேண்ட்ஸ்' குறுந்தகட்டை முதன்முறை கேட்டபோது நான் இசையைக் கேட்கவில்லை. வலதுகை எந்த இடத்தில் தடுமாறும் என்று காத்திருந்தேன். அதிலிருந்த அநாகரிகம் பிறகுதான் உறைத்தது.

1928இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். ஒன்பது வயதில் ஆர்தர் ஷ்னாபெலின் மாணவரானார். ஷ்னாபெலின் ஆசிரியர் லெஷெடிட்ஸ்கி; அவருடைய ஆசிரியர் செர்னி; செர்னிக்குக் கற்பித்தவர் பீத்தோவன். அப்படியொரு கண்ணி. 1944இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் மேடை. 1952இல் பிரஸ்ஸல்ஸ் அரசி எலிசபெத் போட்டியில் முதலிடம். பிறகு ஜார்ஜ் செல்லுடன் பீத்தோவன், பிராம்ஸ் கன்செர்ட்டோக்களின் புகழ்பெற்ற ஒலிப்பதிவுகள்.

1964இல் வலதுகையின் கடைசி இரு விரல்கள் தாமாகவே உள்நோக்கிச் சுருளத் தொடங்கின. மூளை விரலுக்கு இடும் கட்டளையில் நேர்ந்த பிறழ்வு அது. டிஸ்டோனியா என்ற பெயர் தெரியவே பல ஆண்டுகள் ஆயின. உயிரை விட்டுவிடலாமா என்றுகூட எண்ணியதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

1959 முதலே பால்டிமோரின் பீபாடி இசைக்கல்லூரியில் கற்பித்துவந்தார். முன்பெல்லாம் மாணவனை நகரச் சொல்லிவிட்டு வாசித்துக் காட்டினால் போதும். இப்போது வாசித்துக் காட்டக் கையில்லை. ஓசைக்கு முன்னிருக்கும் எண்ணத்தைச் சொற்களால் உணர்த்தியாக வேண்டும். அதனாலேயே தான் மேலான ஆசிரியனானதாக அவர் கருதினார். கற்பித்தலை, மேடையை இழந்தவனுக்கான ஆறுதல் பரிசு என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன்...

முதல் உலகப்போரில் வலதுகையை இழந்த பால் விட்கென்ஸ்டைனுக்காக ராவெல் எழுதிய இடதுகைக் கன்செர்ட்டோவை வாசித்தார். இசைக்குழுக்களை நடத்தினார். 1982இல் இரு கைகளோடும் மேடைக்குத் திரும்பினார். ஆனால் கை குணமாகவில்லை என்பது அவருக்குத் தெரியும். மீண்டும் இடதுகைக்கே போனார். தொண்ணூறுகளில் போடாக்ஸ் ஊசி விரல்களை ஓரளவு தளர்த்தியது. நோய் நீங்கவில்லை; இடம் கொடுத்தது, அவ்வளவுதான். 'டூ ஹேண்ட்ஸ்' வந்த 2004இல் அவருக்கு வயது எழுபத்தாறு. 2020இல் மறையும்வரை கற்பிப்பதை அவர் விடவில்லை.

இரண்டாம் முறை கேட்டேன். ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டா. மெல்லிய முதல் வரி முடியும் இடத்தில், வெகு ஆழத்தில், இடதுகை ஒரு நடுக்கத்தை ஒலிக்கிறது. பிறகு மௌனம். நாற்பதாண்டுகள் தனியே சுமந்த கை அது. வலதுகை மறுபடி தொடங்குவதற்காகக் காத்திருந்தேன். இம்முறை பிழைக்காக அல்ல.