எங்கள் லயத்தைச் சுற்றிப் பார்க்க வாருங்கள்



சுங்கைப்பட்டாணி மணிக்கூண்டைத் தாண்டிப் பழைய பெரிய சாலையில் வடக்கே வந்தால் பீடோங் வரும். அங்கிருந்து உள்ளே பிரியும் செம்மண் சாலைகளில் ஒன்று எங்கள் தோட்டத்தில் வந்து முடிகிறது. தோட்டத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பத்திரிகைக்கு எழுதப் போகிறேன் என்று லயத்து அம்மாமார்களிடம் சொன்னபோது, "எழுதுங்க டீச்சர். ஆனா பேரை மட்டும் போட்டுடாதீங்க. டவுன்ல இருக்கிற சம்பந்திங்க படிச்சா, குப்பையை வச்சுக் குடித்தனம் பண்றாங்கன்னு பேசுவாங்க" என்று கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் சொல்லுக்குக் கட்டுப்படுகிறேன்.

இந்தப் பக்கம் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ஜெராய் மலைக்குப் போவார்கள். பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போவார்கள். மலையேறிக் கீழே பார்க்கும்போது எங்கள் செம்பனைத் தோப்பு ஒரு பச்சைத் திட்டாகத் தெரியக்கூடும். அதற்குள் ஒரு லயம் இருப்பது தெரியாது. பன்னிரண்டு வீடுகள். முன்பு பன்னிரண்டிலும் நம்மவர்கள் இருந்தார்கள். இப்போது ஐந்து குடும்பங்கள்தாம். மற்ற வீடுகளில் வங்காளதேசத்துத் தம்பிமார்களும் இந்தோனேசியர்களும் இருக்கிறார்கள். அந்தப் பன்னிரண்டு வீட்டு வாசலையும் இன்று உங்களுக்குக் காட்டுகிறேன். செருப்பைக் கழற்ற வேண்டாம், வாசலோடு நின்று பார்ப்போம்.

முதல் வீட்டு வேலியைப் பாருங்கள். வரிசையாகத் தொங்குகிறதே, அவை பால் வாளிகள். பால்மரம் இருந்த காலத்தில் காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் தொங்கி, தோள்களைக் காய்ப்பேற வைத்த வாளிகள். மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு அவற்றுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அடியில் ஓட்டை விழுந்தவற்றை எடுத்து வந்து மண் நிரப்பிக் கறிவேப்பிலையும் கற்பூரவல்லியும் பாண்டானும் வைத்திருக்கிறார்கள். ஓட்டை இருப்பது இதற்கு நல்லதுதான்; தண்ணீர் தேங்காது. பக்கத்தில் கோழிக்குத் தண்ணீர் வைத்திருக்கும் பீங்கான் கிண்ணம் என்னவென்று சிறுபிள்ளைகளுக்குத் தெரியாது. அது மரத்தில் பால் பிடித்த மங்கு. கார்த்திகைக்கு இந்த வீட்டு அக்கா அதே மங்குகளைக் கழுவி எண்ணெய் ஊற்றித் திரி போட்டுவிடுவார். அகல் வாங்குகிற செலவு அவருக்கு இல்லை.

இரண்டாவது வீட்டுச் சமையல்கட்டில் அரிசி அளப்பது கெட்டிப் பால் டின்னில். "ஒரு டின் அரிசி போடு" என்றால் நம் வீடுகளில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. அந்தக் காலத்தில் டவுன் காப்பிக் கடையிலும் இந்த டின்னுக்குத்தான் ராஜமரியாதை. மூடியில் துளை போட்டுக் கயிறு கோத்து, அதில் காப்பி ஊற்றிக் கொடுப்பார்கள். பிளாஸ்டிக் பை வந்து அந்தப் பழக்கத்தை விரட்டிவிட்டது. மரவள்ளிக்கிழங்கு துருவுவதற்கும் இந்த வீட்டில் ஒரு டின் தகடு இருக்கிறது. டின்னை வெட்டி விரித்து, மரப்பலகையின் மேல் வைத்து, ஆணியால் நெருக்கமாகத் துளை குத்த வேண்டும். பிறகு புரட்டி, முள் மேலே தெரியும்படி ஒரு சட்டத்தில் அடித்துவிட்டால் துருவி தயார். வெட்டிய ஓரத்தை மட்டும் மடித்துத் தட்டிவிட வேண்டும். அதை மறந்தால் கிழங்கோடு விரலும் துருவப்படும்.

லயத்திலேயே மூத்தவர் இருப்பது மூன்றாவது வீட்டில். சப்பான்காரன் ஆண்ட 1942 முதல் 1945 வரையிலான காலத்தில் இந்தப் பாட்டி சிறுமி. துணி கிடைக்காமல் மக்கள் கோணிச் சாக்கைத் தைத்து உடுத்திய காலம் அது. "அரிச்சு எடுக்கும்மா. ஆனா அதுவும் எல்லாருக்கும் கிடைக்கல" என்கிறார். அந்தக் கைக்கு ஒரு முழத் துணியையும் வீணாக்கத் தெரியாது. பேத்திகளின் கிழிந்த சேலைகளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, மூன்று மூன்றாகச் சேர்த்துச் சடை பின்னி, அந்தச் சடையை வட்டமாகச் சுற்றித் தைத்துக் கால்மிதி செய்கிறார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். மடியில் வைத்துத் தைக்கக் கூடாது, தரையில் பரப்பி வைத்துத்தான் தைக்க வேண்டும். நூலை இழுத்துப் பிடித்தால் மிதியடி படியாமல் கிண்ணம் மாதிரி குவிந்துகொள்ளும் என்கிறார். பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கைவினை சொல்லித் தந்தார்கள். இந்த நுணுக்கத்தை அங்கே யாரும் சொல்லித் தரவில்லை.

நான்காவது, ஐந்தாவது வீடுகளில் இந்தோனேசியத் தொழிலாளர்கள். அவர்கள் கூட்டுகிற விளக்குமாறும் நம் வீட்டு விளக்குமாறும் ஒன்றுதான். வெட்டித் தள்ளிய செம்பனை மட்டையில் ஓலையைக் கிழித்து ஈர்க்கு எடுத்து, வெயிலில் காயவைத்து, அடியைத் தட்டிச் சமமாக்கிக் கட்ட வேண்டும். கட்டுவதற்குக் கயிறு வேண்டாம். பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இழுத்துச் சுற்றினால் ஈர்க்கு தேயத் தேய அதுவும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஒரு காலத்தில் இங்கிருந்து பாலாகப் போனதே டியூபாகத் திரும்பி வந்து விளக்குமாற்றைக் கட்டுகிறதோ என்னவோ!

2015 செப்டம்பர் 1 முதல் கெடா உள்ளிட்ட சில மாநிலங்களில் வீட்டுக் குப்பையைப் பிரித்து வைப்பது கட்டாயம் ஆயிற்று. அதைப் பற்றிப் பள்ளியில் விளக்கிச் சொல்லுங்கள் என்றார்கள். சொன்னேன். லயத்துப் பிள்ளைகள் என்னை வியப்பாகப் பார்த்தார்கள். காகிதம் ஒரு பக்கம், தகரம் ஒரு பக்கம், பாட்டில் ஒரு பக்கம் என்று வைத்து, "சுராட் கபார் லாமா" என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு லோரி வரும்போது போடுவது அவர்கள் வீட்டில் எந்தக் காலத்திலிருந்தோ நடக்கிறது.

நிற்க. இவ்வளவு நேரம் நல்லதையே காட்டினேன். இனி ஒன்பதாவது வீட்டுக்கு வாருங்கள், அதற்காகத்தான் உங்களை இவ்வளவு தூரம் அழைத்து வந்தேன்.

அந்த வீட்டில் இருப்பது கல்யாணமாகி மூன்று ஆண்டுகளான ஒரு பெண். கைக்குழந்தை உண்டு. எங்கள் லயத்தில் குழாய்த் தண்ணீர் நின்று போவது வழக்கம், அதனால் பிடித்து வைத்தே ஆக வேண்டும். டவுனில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி வாங்கப் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். அவள் கணவன் ஸ்டோர் பக்கம் கிடந்த டிரம் ஒன்றை எடுத்து வந்தான். தடித்த பிளாஸ்டிக், மூடியும் இருந்தது. வாயை அகலமாக வெட்டி, சவர்க்காரம் போட்டு மூன்று முறை கழுவி, வெயிலில் காயவைத்து, தண்ணீர் பிடித்துவிட்டார்கள். குழந்தையைக் குளிப்பாட்டியதும் அந்தத் தண்ணீரில்தான். அடியில் முக்கோணக் குறி இருக்கிறதே, மறுபடியும் பயன்படுத்தலாம் என்றுதானே அர்த்தம் என்று அந்தப் பையன் என்னிடமே கேட்டான்.

அது களைக்கொல்லி வந்த டிரம்.

வாசகர்களே, நம் பேச்சில் ஒரு பழக்கம் இருக்கிறது. களைக்கொல்லியை நாம் விஷம் என்று சொல்வதில்லை, மருந்து என்கிறோம். மருந்தடிக்கிற வேலை, மருந்தடிக்கிற அக்கா, மருந்து ஸ்டோர், மருந்து டிரம். டிரம்மின் மேல் "ராச்சுன்" என்று மலாய் மொழியில் விஷம் என்றே அச்சிட்டிருக்கிறது. நம் வாயில் அது மருந்தாகிவிட்டது. மருந்து இருந்த டிரம்மைக் கழுவினால் சுத்தமாகிவிடும் என்று ஒரு பிள்ளை நினைத்தால் அதில் வியப்பென்ன?

உண்மை வேறு. அந்தப் பிளாஸ்டிக் விஷத்தைக் கொஞ்சம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஊற்றி வைத்த தண்ணீரில் பிறகு மெல்ல மெல்ல விடும். கண்ணுக்குத் தெரியாது, மணமும் இருக்காது. காலி டிரம்மை மூன்று முறை அலச வேண்டும் என்று விதி இருப்பது மெய்தான். அது, ஓட்டை போட்டு ஆபத்தில்லாமல் அப்புறப்படுத்துவதற்காகச் சொன்ன விதி. தண்ணீர் பிடிப்பதற்குச் சொன்னதன்று. முக்கோணக் குறியும் எண்ணும் அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்று மட்டுமே சொல்லும். உள்ளே என்ன இருந்தது என்பதைச் சொல்லாது.

நான் இப்படியெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கும்போதே பதினோராவது வீட்டுப் பெரியம்மா வந்துவிட்டார். இருபத்திரண்டு ஆண்டுகள் மருந்தடித்தவர். பாராகுவாட் என்னும் களைக்கொல்லி நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டுவிட்டது. விழுங்கியவரைக் காப்பாற்ற அதற்கு மாற்று மருந்து கிடையாது. அதை முதுகில் சுமந்து அடித்த தலைமுறையைச் சேர்ந்தவர் இவர். மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் முதுகில் தோல் வெந்து போகும் என்பார். மூக்கில் இரத்தம் வடிந்த நாட்கள் உண்டாம். அவர் கை நகங்களைப் பார்த்தாலே போதும், ஒன்றுகூட ஒழுங்காக இல்லை.

பெரியம்மா என்னைப்போல் விளக்கம் சொல்லவில்லை. தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டினார். வீட்டுக்குள் போய்ப் பாராங் கத்தியை எடுத்து வந்தார். டிரம்மை நான்கு இடத்தில் கொத்திப் போட்டார்.

"பெரியம்மா, என்ன இப்படிப் பண்ணிட்டீங்க? நாளைக்குத் தண்ணிக்கு நான் எங்க போறது?" என்று அந்தப் பெண் அழுதுவிட்டாள்.

"என் வீட்டுத் தொட்டியை எடுத்துக்க தாயி. இது இருந்தா நாளைக்கு வேற எவளாவது எடுத்து வந்து கழுவுவா" என்றார் பெரியம்மா.

இரண்டு வீட்டுக்கும் நான்கு நாள் பேச்சுவார்த்தை இல்லை. ஐந்தாம் நாள் அந்தப் பையன் எண்ணெய் டின் இரண்டு கொண்டு வந்தான். பலகாரக் கடையில் காலியாகிற சதுரச் சமையல் எண்ணெய் டின்கள். மேல் தகட்டை வெட்டி, ஓரத்தை உள்பக்கம் மடித்துத் தட்டி, குறுக்கே கட்டை அடித்தால் பிடித்துத் தூக்கலாம். சீயக்காயும் கொதிநீரும் போட்டுத் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கும் போய்விடும். முன்பு லயத்து வீடுகளில் தண்ணீர் எடுத்ததெல்லாம் இப்படிப்பட்ட டின்னில்தானே! ஒரு டின்னை அவன் பெரியம்மா வாசலில் வைத்துவிட்டுப் போனான். பெரியம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே எடுத்துக்கொண்டார்.

எதை வீட்டுக்குக் கொண்டு வரலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அது முன்பு எதை வைத்திருந்தது என்று முதலில் கேளுங்கள். தின்பதும் குடிப்பதும் இருந்ததா, எடுத்து வாருங்கள். தெரியவில்லையா, தொடாதீர்கள். ஸ்டோர் பக்கம் கிடக்கும் டிரம்மில் ஆணியால் ஓட்டை போட்டு வைக்கும்படி மேற்பார்வையாளரிடம் நாலு பேர் சேர்ந்து போய்க் கேளுங்கள். எங்கள் தோட்டத்தில் கேட்டோம். இப்போது போடுகிறார்கள்.

பன்னிரண்டாவது வீட்டுக்கு அப்பால் பள்ளிக்கூடம். வாசலில் வண்ணம் பூசிய டயர்களுக்குள் பூச்செடி இருக்கும். அழகுதான். ஆனால் டயரின் உள்மடிப்பில் மழைநீர் நின்றால் ஏடிஸ் கொசுவுக்கு அதைவிட வசதியான பிரசவ அறை கிடையாது. முட்டை காய்ந்தும் பல மாதம் உயிரோடு கிடக்கும். தண்ணீர் பட்டால் ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதற்கு அபராதமும் உண்டு. எனவே எங்கள் டயர்களில் அடிப்பக்கம் சுற்றிலும் துளை போட்டு, உள்மடிப்பு வரை மண்ணை அழுத்தி நிரப்பியிருக்கிறோம்.

நான்காம் ஆண்டு வகுப்பில் இப்போது நாட்காட்டித் தாளில் மணித்திரை செய்துகொண்டிருக்கிறோம். 1970களிலும் 80களிலும் நம் வீட்டு வாசல்களில் தொங்கியதே, அதே திரைதான். வழவழப்பான தாளை அடி ஓர் அங்குலமும் நீளம் பன்னிரண்டு அங்குலமும் உள்ள முக்கோணமாக வெட்டி, அகன்ற பக்கத்திலிருந்து ஈர்க்கின் மேல் இறுக்கிச் சுருட்டி, நுனியைப் பசையால் ஒட்டி, ஈர்க்கை உருவிவிட வேண்டும். நடுவில் தடித்து இரு பக்கமும் மெலிந்த மணி கிடைக்கும். வார்னிஷ் பூசிக் காயவைத்தால் ஈரம் தாங்கும். ஒரு மணி ஓர் அங்குலம். கதவு ஆறடி உயரம் என்றால் ஒரு சரத்துக்கு 72 மணி. இரண்டரை அடி அகலத்துக்கு அங்குலத்துக்கு ஒரு சரமாக 30 சரம். மொத்தம் 2,160 மணிகள். பெருக்கல் வாய்பாட்டுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குக் கிடைக்கவில்லை. பிள்ளைகள் இதுவரை 900 மணிகளைத் தாண்டிவிட்டார்கள்.

தாள் போதவில்லை. நகைக்கடையிலும் மளிகைக் கடையிலும் கொடுத்த பழைய நாட்காட்டிகள் உங்கள் வீட்டில் இருந்தால், இந்தப் பக்கம் வரும்போது கொண்டு வாருங்கள். சாமிப் படம் உள்ள தாளை மட்டும் நீங்களே கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் கத்தரிக்கோல் வைக்கப் பிள்ளைகள் மாட்டேன் என்கிறார்கள். சுவரில் ஒட்டவும் இனி இடமில்லை.