நாயைக் காணோம் என்றால்

நாய் காணாமல் போனால் படம் போட்டு நோட்டீஸ் ஒட்டு, பரிசு அறிவி என்பார்கள். அண்ணா நகரில் அது சரி. திருவொற்றியூர் குப்பங்களிலும் ராயபுரம் வாரிய வீடுகளிலும் பல நாய்களுக்குக் கழுத்தில் பட்டையே கிடையாது. மூன்று வீட்டில் சோறு, நான்காவது வீட்டு வாசலில் தூக்கம். யாருடைய நாய் என்று கேட்டால் "எங்க தெரு நாய்" என்று பதில் வரும். மாநகராட்சிக்கு அது வெறும் தெருநாய். இந்த வித்தியாசம் நாய் காணாமல் போகிற அன்றைக்குத்தான் உறைக்கும்.

முதலில் பக்கத்திலேயே தேடுங்கள் தோழர்களே. சாவு ஊர்வலத்து வெடிக்குப் பயந்து ஓடிய நாய் பெரும்பாலும் தூரம் போயிருக்காது. நிறுத்தியிருக்கும் லாரிக்கு அடியில், படகு மறைவில், கால்வாய் ஓரத்தில் ஒடுங்கிக் கிடக்கும். சத்தம் அடங்கிய பின்னிரவில், சோறு போடுகிறவரின் குரலில் கூப்பிட்டால் வரும். காசிமேட்டில் மீன் வெட்டும் அக்காக்களையும் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் ஓட்டுநர்களையும் கேளுங்கள். எல்லோருக்கும் முன்னால் தூய்மைப் பணியாளர்களைக் கேளுங்கள். எந்தத் தெருவில் எந்த நாய் புதிது என்று விடியற்காலையில் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அடிபட்டுச் செத்த நாயை அள்ளுவதும் அவர்கள்தான். அந்த வேலை எந்தச் சாதியின் தலையில் கட்டப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பயந்த நாய் வளர்த்தவரையும் கடிக்கும். கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். நாய்க்கடியில் அதிகம் மாட்டுவது தெருவில் விளையாடும் நம் பிள்ளைகள். அதை மறைத்துவிட்டு நாய்ப்பாசம் பேச எங்களால் முடியாது.

வண்டி வந்து பிடித்துப் போனதாகத் தெரிந்தால் 1913-க்குப் போன் செய்யுங்கள். போனோடு நிறுத்தாமல், பேசின் பிரிட்ஜ் பக்கத்திலுள்ள மாநகராட்சியின் நாய் இனக்கட்டுப்பாட்டு மையத்துக்கு நேரில் போங்கள். 1996 வரை இந்த மாநகராட்சி பிடித்த நாய்களைக் கொன்றுகொண்டிருந்தது. அதன் பிறகுதான் கருத்தடைக்கு மாறியது. 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி, கருத்தடை செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். எங்கே பிடித்தார்கள் என்ற பதிவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். திரும்பி வந்த நாயின் காது நுனி வெட்டியிருந்தால் பதற வேண்டாம், அது கருத்தடையின் அடையாளம்.

ஆனால் 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களை அங்கே திரும்ப விடக் கூடாது. ஸ்டான்லி மருத்துவமனை வளாகத்திலோ ராயபுரம் ரயில் நிலையத்திலோ உங்கள் தெரு நாய் படுத்துத் தூங்கினால், எங்கள் நாய் என்று சொல்ல உங்கள் கையில் காகிதம் வேண்டும். மாநகராட்சி லைசென்ஸுக்கு 50 ரூபாய். வீட்டில் வளர்த்துக்கொண்டு லைசென்ஸ் இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 5000. தெருவே வளர்க்கிற நாய்க்கு யார் பெயரில் எடுப்பது? விண்ணப்பத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம். முப்பது வருஷம் குடியிருந்தும் பட்டா இல்லாத வீட்டின் கதைதான் இது. எங்கள் யோசனை, தெருவில் ஒருவர் முன்வந்து தன் பெயரில் எடுக்கட்டும். சங்கத்தில் பேசி முடிவு செய்யுங்கள்.

ஆங்கிலேயர் நம் தெருநாய்க்கு வைத்த பெயர் 'பரையா நாய்'. ஒரு சாதியின் பெயரை எடுத்து, ஒதுக்கப்பட்ட மனிதருக்கும் ஆளில்லாத நாய்க்கும் சேர்த்துச் சூட்டினார்கள். இன்று அதே நாயை 'இண்டி' என்று தத்தெடுக்கிறார்கள். நாய்க்குப் பெயர் மாறிவிட்டது, நல்லது.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சு முட்டி மக்கள் இருட்டில் ஓடினார்கள். "புள்ளைய தூக்குனேன், ரேஷன் கார்ட எடுத்தேன், நாயி கட்டியிருக்குன்னு ரோட்டுக்கு வந்தப்புறந்தான் ஞாபகம்" என்றார் ஓர் அக்கா. நாயோடு எங்கே ஓடுவது என்று எந்த ஒத்திகையிலும் யாரும் சொல்லித் தந்ததில்லை. அவிழ்த்துவிட்ட நாயைப் பிறகு தேடிக்கொள்ளலாம். எண்ணூரிலும் மணலியிலும் இருப்பவர்கள் ராத்திரியில் சங்கிலி போட்டுப் பூட்டாதீர்கள். கட்டித்தான் ஆக வேண்டுமென்றால், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதை அவிழ்க்கத் தெரிந்திருக்கட்டும்.