எடைக்குப் போடும் முன்

என் கூட்டாளி ஒருவர் போன தை மாதம் தவறிவிட்டார். காரியம் முடிந்த கையோடு வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. ஐம்பது வருஷமாக அவர் சேர்த்த காமிக்ஸ் புத்தகங்களைச் சணல் கயிற்றில் கட்டி, பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார்கள். கிலோ 12 ரூபாய். நான் போய்ச் சேரும்போது தராசுத் தட்டில் மேலாகக் கிடந்தது ஒரு முத்து காமிக்ஸ். அட்டையில் இரும்புக்கை மாயாவி.

வீட்டாரை நான் குறை சொல்ல மாட்டேன். எது என்ன, யாரிடம் கேட்பது என்று மனுஷன் ஒருத்தரிடமும் சொல்லி வைக்கவில்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. எங்கள் அட்டாலியிலும் இரண்டு டிரங்குப் பெட்டி இருக்கிறது. மகன் பெங்களூரில், பேரனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். கையில் தெம்பு இருக்கும்போதே, கண் தெரியும்போதே, நானே விற்றுவிடுவது என்று முடிவு செய்தேன்.

பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை வாசம். சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கிய 1972-ல் நான் ஆறாவது படித்தேன். லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தது 1984-ல். அப்போது பீளமேட்டில் மில் வேலை. ஷிப்ட் முடிந்து வரும்போது ஒன்றரை ரூபாய்க்கு ராணி காமிக்ஸ் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவேன். 2005-ல் அது நின்றுபோனபோது ஒரு நண்பன் ஊரைவிட்டுப் போன மாதிரி இருந்தது.

முதல் வேலை, தரம் பிரிப்பது. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் விரலியையும் கிழங்கையும் ஒரே குவியலாகக் கொட்டினால் நல்ல சரக்குக்கும் மட்ட விலைதான் விழும். புத்தகமும் அப்படித்தான். முழு அட்டையோடு இருப்பது, அட்டை போனது, பின் துருப்பிடித்துத் தாளைத் தின்றது, குறுக்கெழுத்தில் பென்சில் ஓட்டியது என்று தனித்தனியாக வைத்தேன். ஒவ்வொன்றையும் பக்கம் பக்கமாகப் புரட்டி எண்ணினேன். ஒரு தாள் குறைந்தாலும் வாங்குகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிய்ந்ததை டேப் போட்டு ஒட்டப் பார்த்தேன். விவரம் தெரிந்த ஒருவர் தடுத்தார். அந்தப் பசை நாளாவட்டத்தில் பழுப்பாகிக் காகிதத்தையே கெடுத்துவிடுமாம்.

உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் விசாரித்தேன். மொத்தமாகக் கேட்டார்கள், கேட்ட விலை சொற்பம். கடை வாடகை கொடுத்து, எப்போது விற்குமோ என்று அடுக்கி வைத்திருக்கிறவர் அப்படித்தான் கேட்க முடியும். அதில் கோபப்பட ஒன்றுமில்லை.

நல்ல விலை தருகிறவர் வாசகர்தான். அவரிலும் இரண்டு வகை. கதை படிக்க வாங்குகிறவருக்கு மறுபதிப்பே போதும்; பழைய மாயாவி கதைகள் பலவும் புது அச்சில் வந்துவிட்டன. சேகரிப்பவருக்கோ அந்தக் காலத்து அச்சே வேண்டும். வரிசையில் விட்டுப்போன ஒரே இதழுக்காக வருஷக்கணக்கில் அலைவார். அவரைக் கண்டுபிடிப்பதுதான் விற்பனையில் பாதி. ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா நடக்கும்போது லயன்-முத்து வாசகர்கள் அங்கே ஒன்றுகூடுவது வழக்கம். நான் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. இதழ் எண்ணும் பெயரும் நிலைமையும் எழுதிய நோட்டுப் புத்தகத்தை மட்டும் கொண்டுபோனேன். அது நாலு கை மாறியது. ஒரே வாரத்தில் வீடு தேடி ஆள் வந்தது.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தேன். நல்ல பத்தைப் பொறுக்கி எடுக்க விட்டால் மீதி எண்பது என் தலையில் நிற்கும். அதனால் அரிய இதழ் கேட்டவருக்குச் சாதா இதழ்களையும் சேர்த்தே கொடுத்தேன். விலையில் விட்டுக்கொடுத்தேன், அதில் விடவில்லை.

கடைசியாக வந்தது திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை பார்க்கும் தம்பி. ஒரு ராணி காமிக்ஸைத் தனியாக எடுத்து வைத்தேன்.

"இதுக்குக் காசு வேண்டாங் தம்பி. கடைசித் தாள் இல்லீங். கதை என்னாச்சுன்னு எனக்கே தெரியாது."

அட்டையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "எங்கிட்ட முழுசா இருக்குதுங்கய்யா."

அன்று ராத்திரி பத்து மணிக்கு இரண்டு பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, காலியான பெட்டி மேல் உட்கார்ந்து, படித்து முடித்தேன்.