கானும் வாய்க்காலும்

பதுளைப் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறுவோர் ஒரே சரிவில் இருவகை நீர்வழிகளைக் காண்பர். அடிவாரத்து நெல்வயலுக்கு நீரைக் கொணர்வது வாய்க்கால். மேலேயுள்ள தேயிலை நிலத்தின் மழைவெள்ளத்தை வடிப்பது கான்.

வாய்க்காலின் முறை மிகப் பழையது. ஓடையின் குறுக்கே கல்லும் கழியும் மண்ணும் இட்டுக் கட்டும் சிற்றணையைச் சிங்களக் கமக்காரர் 'அமுன' என்பர். அங்கிருந்து பிரியும் 'எல' மலையின் இடுப்பை வளைந்து, மெல்லத் தாழ்ந்து, மேல்வயலில் நீரை விடும். அது நிறைந்தபின் வரம்பு மடைவழியே கீழ்வயலுக்கு நீர் இறங்கும். எவருக்கு எப்பொழுது நீர் என்பதை மேற்பார்க்க முன்னர் வெல்விதானை இருந்தார். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தோடு அப்பொறுப்பு பயிர்ச்செய்கைக் குழுக்களைச் சார்ந்தது.

கானின் கதை வேறு. கோப்பிக்காகவும் பின்னர்த் தேயிலைக்காகவும் காடு அழிக்கப்பட்டபோது மழை மலைமண்ணை வாரிச் சென்றது. கீழுள்ள வாய்க்கால்களைத் தூர்த்ததும் அம்மண்ணே. அதைத் தடுக்கச் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டினர். கான்வெட்டு, தோட்டங்களில் ஆண்களின் வேலை. கானின் அடியில் இடையிடையே சிறு மண்தடுப்புகளை விட்டு வெட்டினால், ஓடும் நீர் அங்கே தயங்கி மண்ணை இறக்கிவிட்டுச் செல்லும். படிந்த மண்ணை அள்ளி நிலத்தில் இடுவதும் அத்தொழிலாளியின் கடனே. நீரின் நடையைப் பொறியியலாளர் மட்டுமே அறிவர் என எண்ணுவோர், மழைநாளொன்றில் அவன் பின்னே நடந்து பார்க்கலாம்.

இத்துணை நுட்பம் கைவந்தவனுக்குப் பாய்ச்சுவதற்கோர் வயல் வாய்க்கவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவனினத்தாருள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நாடற்றவனுக்கு அரச குடியேற்றத்தில் காணி ஏது? 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் எஞ்சியோர்க்கும் குடியுரிமை கிட்டியது. வயல் வரவில்லை. லயத்து வாசலின் கீரைப்பாத்தியே அவனது வேளாண்மை. அதற்கு நீர், ஊற்றிலிருந்து வரும் பீலி.

ஊற்று என்றும் நிலைப்பதன்று என்பதைப் பண்டாரவளை கண்டது. உமா ஓயாவின் நீரை மலையைக் குடைந்து தெற்கே கிரிந்தி ஓயாப் படுகைக்குத் திருப்பும் திட்டத்தில், 2014 டிசம்பரில் சுரங்கத்துள் நிலத்தடிநீர் பீறிட்டது. கிணறுகள் வற்றின; வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017இல் மக்கள் வீதிக்கு வந்து முறையிட்டனர். 2024 ஏப்பிரலில், 120 மெகாவாட் மின்சாரமும் மொனராகலை, அம்பாந்தோட்டை வயல்களுக்கு நீரும் தருவதற்கெனத் திட்டம் திறந்துவைக்கப்பட்டது. அவ்வறண்ட நிலங்களுக்கு நீர் வேண்டியதே. அதனை எவரும் மறுக்கவியலாது. ஆயினும் வயலுடையவன் தன் நீர்முறையைக் கேட்டு வழக்காடலாம். பீலியடியில் குடம் வைத்துக் காத்திருப்பவள் எந்த முறையைக் கேட்பாள்? கிணறு வற்றிய ஊர்களுக்குக் குடிநீர் பவுசர்களில் வந்தது.